தறிச்சத்தம் போன தெரு

செங்குட்டைப்பாளையத்து ஓங்காளியம்மன் கோயில் தெருவில் நூற்றுப் பதினாறு விசைத்தறிகள் இருந்தன. புரட்டாசி மாதம் முதல் செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, அடுப்பை அணைத்ததும் உலைக்கொதி அடங்குகிற மாதிரி, அத்தனை தறிகளின் சத்தமும் மெல்ல அடங்கி இல்லாமல் போயிற்று. தறிகள் நிற்கவில்லை. மோட்டார் சுற்றியது, நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பறந்தது, பலகை வந்து இடித்தது, துணி முழம் முழமாக இறங்கிக்கொண்டே இருந்தது. சத்தம் மட்டும்தான் இல்லை. மற்ற சத்தமெல்லாம் அதது இடத்தில் இருந்தது. காக்கை கரைந்தது, யார் வீட்டிலோ குக்கர் விசிலடித்தது, குழாயடியில் ஒரு குடம் உருண்டது. அந்தத் தெருவிலேயே பிறந்து அந்தத் தெருவிலேயே வாழ்க்கைப்பட்ட பெண்கள் சிலர், குடம் உருள்கிற சத்தம் வீட்டுக்குள் வரைக்கும் வரும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள்.

தெய்வானை அப்போது தார் சுற்றிக்கொண்டிருந்தாள். நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சியில் நூல் சுற்றி நிரப்புவதுதான் தார் சுற்றுவது. பதினெட்டு வயதில் கல்யாணமாகி வந்த மறுவாரம் அந்த மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தவள், ஐம்பத்தாறு வயதிலும் அதே மணைப்பலகையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். வீட்டை ஒட்டின பட்டறையில் எட்டுத் தறி. நாலைப் புருசன் கந்தப்பன் பார்ப்பார், நாலை மகன் சிங்காரவேல் பார்ப்பான். சத்தம் போனதும் சிங்காரவேல் கரண்ட் போய்விட்டதென்று வெளியே ஓடினான். தெருவில் எல்லா வீட்டு ஆண்களும் அதே மாதிரி ஓடிவந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கந்தப்பனுக்குக் காது முக்கால்வாசி போய்ப் பத்து வருசமாயிற்று. அவர் ஒன்றும் தெரியாமல் அரைமணி நேரம் நெய்துவிட்டு, டீ குடிக்க வெளியே வந்து, கூட்டத்தைப் பார்த்து, எப்போதும் பேசுகிற மாதிரி நெஞ்சிலிருந்து எடுத்து, "எவன்டா செத்தான்?" என்று கேட்டார். அது மூன்று தெரு தாண்டிப் போயிற்று. பூசாரி கோயிலுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

பிட்டர் அய்யாவு வந்து மோட்டாரைக் கழற்றிப் பார்த்து, எண்ணெய் விட்டு, மாட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மெஷின்ல ஒரு கோளாறும் இல்லீங்க. சத்தம் எங்கியோ போயிருக்குது. மேஞ்சுட்டு வந்துரும்." அவ்வளவுதான், எல்லோரும் தறிக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். தறியில் ஏற்றின பாவு நூல் பாதியில் நிற்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் துணியைக் கொடுக்க வேண்டும், சத்தத்தைத் தேடிக்கொண்டு யார் அலைவது?

அப்புறம் அந்தத் தெரு அதற்குத் தகுந்த மாதிரி பழகிக்கொண்டது. தறிச்சத்தத்திலேயே தூங்கிப் பழகின குழந்தைகள் தூங்க மாட்டேனென்று அடம்பிடித்ததால், தாய்மார்கள் தொட்டிலுக்கடியில் உட்கார்ந்து தட்டில் கரண்டியால் தட்டினார்கள். டீக்கடையில் ஆட்கள் பழக்கத்தில் கத்தி டீ கேட்டுவிட்டு, தங்கள் குரலுக்குத் தாங்களே திடுக்கிட்டு, மன்னிப்புக் கேட்கிற மாதிரி மெல்லச் சிரித்தார்கள். அடுத்த தெருவிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் புத்தகத்தோடு வந்து, ஓடுகிற தறிகளுக்கு நடுவில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தார்கள். சத்தம் அளக்கிற கருவியோடு ஒரு அதிகாரி வந்து, முள் அசையாததைப் பார்த்து, கருவியைத் தட்டிப் பார்த்து, 'திருப்திகரம்' என்று எழுதிக்கொண்டு போனார். துணி எடுக்கிற வியாபாரி ஒரு பீஸைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, பழைய துணி மாதிரியே இருக்கிறது என்றார். பக்கத்து வீட்டுப் பாலாமணி பதினோரு வருசமாகத் தினமும் மத்தியானம் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று தன் ஓரகத்தியை வாயில் வந்தபடி பேசுகிறவள். தறிச்சத்தத்தில் அது அந்தப் பக்கம் போனதே இல்லை. இப்போது போயிற்று. மூன்று நாள் இரண்டு பேரும் முறை வைத்துச் சண்டை போட்டார்கள். நாலாம் நாள் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போய், ஓரகத்தி வந்து கருவேப்பிலை கேட்டாள், பாலாமணி ஒரு கொத்து ஒடித்துக் கொடுத்தாள்.

இதிலெல்லாம் தெய்வானைக்கு மனசு ஒட்டவில்லை. அவள் வெசனம் வேறு.

சத்தம் போவதற்கு மூன்று நாள் முன்னால்தான் மருமகளிடமிருந்து தகவல் வந்திருந்தது. மருமகள் இளவரசி ஆவணியில் வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போனவள். ஆற்றோரத்து வெற்றிலைக் கொடிக்கால் ஊர் அவளுடையது. அங்கே கொடிக்காலுக்குள் செருப்புப் போட்டுப் போக மாட்டார்கள், கொடி வாடிவிடுமென்று உரக்கப் பேசவும் மாட்டார்கள். அப்படி வளர்ந்த பெண் ஒன்றரை வருசம் இந்தத் தெருவில் இருந்துவிட்டுப் போய், இப்போது புருசனிடம் போனில் சொல்லியிருக்கிறாள், பிள்ளை பெற்றபிறகு அந்த வீட்டுக்கு வரமாட்டேன், வேறு ஊரில் வேலை பார்த்துக்கொண்டு தனியாக இருப்பதானால் வருகிறேன், இல்லாவிட்டால் நானும் பிள்ளையும் இங்கேயே இருந்துகொள்கிறோம் என்று. காரணம் கேட்டதற்கு, அத்தை ஒரு நாளைக்கு நூறு தரம் என் பேரைச் சொல்லிக் கத்துகிறார்கள், களவு செய்தவளைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது, ராத்திரி கனவிலும் அந்தக் குரல்தான் வருகிறது என்றாளாம்.

சிங்காரவேல் இதை அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். தெய்வானைக்கு அழுகையாக வந்தது. ஒரு சொல் திட்டியிருப்பேனா? உப்பு எச்சு, புளி எச்சு என்று ஒரு குறை சொல்லியிருப்பேனா? முழுகாமல் இருக்கிற பிள்ளை என்று தண்ணீர்க்குடம் தூக்க விட்டேனா? பேர் சொல்லிக் கூப்பிட்டது ஒரு குற்றமா? இதையே முருகனிடம் சொல்லிச் சொல்லி மூன்று நாள் விளக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டில் சாமியிடம்கூடக் கத்தித்தான் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் தான் என்ன கேட்டோம் என்பது தனக்கே தெரியாது.

அப்படியிருக்கும்போதுதான் சத்தம் போயிற்று. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, தெய்வானை தார் சுற்றிக்கொண்டிருந்தவள், நூல் அறுந்ததைக் கட்டிக்கொண்டே, பழக்கதோசத்தில், சமையலறைப் பக்கம் திரும்பி, "இளவரசீ" என்று கூப்பிட்டாள்.

கூப்பிட்டதும் அவள் கை நின்றுவிட்டது. முப்பத்தெட்டு வருசத்தில், தறி ஓடுகிற நேரத்தில், தான் கூப்பிடுகிற குரலை அவள் தெளிவாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. அது கோபக்காரியின் குரலாக இல்லை. அதிகாரம் செய்கிற மாமியாரின் குரலாகவும் இல்லை. தீப்பிடித்த வீட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே இருக்கிற ஆளைப் பேர் சொல்லி அலறுகிற குரலாக இருந்தது. சுவரில் மோதி அது அவளிடமே திரும்பி வந்தது. இப்படியா கூப்பிடுகிறேன் என்று நினைத்தாள். பாவம், அந்தப் பிள்ளை நூறு தரம் இதைக் கேட்டதா என்று நினைத்தாள். அப்புறம், வெகு நேரம் கழித்து, நான் யாரை இப்படிக் கூப்பிடுகிறேன் என்று நினைத்தாள்.

அந்தத் தெருவில் மற்றவர்களுக்கும் அதையொட்டித்தான் அப்படி ஆகத் தொடங்கியது. முதல் வாரம் திருவிழா மாதிரி போனது. இரண்டாவது வாரத்தில், சத்தம் இருந்த இடத்தில் நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. நெய்துகொண்டிருந்த ஆண்கள் தறியை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றார்கள். ஒருத்தர் இருபது வருசமாகப் பேசாத தம்பிக்கு உட்கார்ந்து கடிதம் எழுதினார். ஒருத்தி பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள், செத்துப்போன மாமனாரிடம் தான் ஒரு நாள் சோறில்லை என்று பொய் சொன்னதை நினைத்துக்கொண்டு அருவாமனையைக் கீழே வைத்தாள். சிலருக்கு இது தாங்கவில்லை. சத்தத்தைத் திரும்பக் கூப்பிடப் பரிகாரம் செய்ய வேண்டுமென்று கோயிலில் கூட்டம் போட்டார்கள். இன்னும் பத்து நாள் இப்படியே இருந்தால் ஊரே பைத்தியமாகிவிடும் என்றார்கள் சிலர். எனக்கு இப்போதுதான் பைத்தியம் தெளிகிறது என்றார் கடிதம் எழுதினவர். கடைசியில் அம்மனிடம் பூப்போட்டுக் கேட்டார்கள். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் போட்டு ஒன்றை எடுத்ததில், பரிகாரம் வேண்டாம் என்கிற வெள்ளை வந்தது. சரி, இருக்கிற வரைக்கும் இருக்கட்டும் என்று எழுந்து போனார்கள்.

தெய்வானை நாள்தோறும் தார் சுற்றினாள். தார்க்குச்சி மாட்டின கதிர் சத்தமில்லாமல் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் விளக்கேற்றி முருகனுக்கு முன்னால் உட்கார்ந்தாள், ஆனால் கேட்பதற்கு ஒன்றும் வாயில் வரவில்லை. சாமிக்கு இப்போது மெல்லச் சொன்னாலே கேட்கும், அதனால் சொல்ல வேண்டிய அவசரமும் போய்விட்டது. சும்மா உட்கார்ந்திருந்தாள். அப்படிச் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம், முப்பத்தாறு வருசத்துக்கு முந்தின ஒரு மத்தியானம், கதவைத் திறந்துகொண்டு வருகிற மாதிரி அவளிடம் வந்தது.

தலைச்சன் பெண்குழந்தை. இரண்டரை மாசம். உள்ளறையில் தூளியில் போட்டுவிட்டுத் தார் சுற்றப் போவாள். அழுதால் கேட்காது என்பதால், சுவர்க்கடிகாரத்தில் அரைமணிக்கு ஒருமுறை பார்த்துப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவாள். அன்றைக்கும் அரைமணிக்கு ஒருமுறை போனாள். அந்த அரைமணிக்குள் குழந்தைக்கு ஜன்னி வந்து, அழுது, அழுது ஓய்ந்து, எல்லாம் முடிந்திருந்தது. யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. தறி அடுத்த நாளும் ஓடியது. தார், சோறு, அறுந்துருச்சு, வா, போ என்பதையெல்லாம் அந்தத் தெருவில் கத்திச் சொல்லலாம், அல்லது வாயசைத்துச் சொல்லலாம். இது கத்திச் சொல்கிற விசயமில்லை. வாயசைத்துச் சொல்ல ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும், அதற்குப் புருசன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் தைரியமில்லை. அதனால் அது சொல்லப்படாமலே போயிற்று. ஆறு வருசம் கழித்துச் சிங்காரவேல் பிறந்தபோது, அவனை இடுப்பில் கட்டிக்கொண்டே தார் சுற்றினாள். அவன் நடக்கத் தொடங்கினதும் கூப்பிட ஆரம்பித்தாள். அவன் பள்ளிக்கூடம் போய், தறிக்கு வந்து, கல்யாணம் கட்டி, வீட்டுக்கு ஒரு பெண் வந்ததும் அவளையும் கூப்பிட ஆரம்பித்தாள். "என்னுங்க" என்று பதில் வந்தால் போதும். ஒரு வேலையும் வைக்க மாட்டாள்.

பட்டதெல்லாம் அப்படியே புத்தியாகிவிடுவதில்லை. பட்டதை இறக்கி வைத்து, எதிரில் உட்கார்ந்து பார்க்க ஒரு அமைதியான நேரம் வேண்டியிருக்கிறது. அது தெய்வானைக்கு வர முப்பத்தாறு வருசம் ஆயிற்று.

அவள் எழுந்து பட்டறைக்குப் போய், கந்தப்பனின் எதிரில் நின்றாள். தறியை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினாள். அவர் நிறுத்தினார். அவர் முகத்தைப் பார்த்து, குரலெடுக்காமல், வாயசைவில் குழந்தையின் பேரைச் சொன்னாள். கந்தப்பன் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். துண்டை இறக்கிவிட்டு, தன் காதுக்கே எட்டாத சின்னக் குரலில் பேசினார்.

"எனக்கும் நெனப்பு வரும் தெய்வானை. நெய்யறப்பெல்லாம் வரும். உங்கிட்டக் கத்தி எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டேன்."

ஐப்பசி பிறந்த பத்தாம் நாள், தெய்வானை வீட்டு விளக்குக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்டுவிட்டு, தனியாகப் பஸ் ஏறினாள். மகன் கூட வருகிறேனென்றான், வேண்டாமென்றாள்.

கொடிக்கால் ஊரில் சம்பந்தியம்மாள் வாங்க என்று மட்டும் சொன்னாள். காப்பி டம்ளரைக் கையில் கொடுக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். இளவரசி வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்பது மாசத்து வயிறு. அத்தையைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தவளைத் தெய்வானை தோளைத் தொட்டு உட்கார வைத்து, தானும் தரையில் உட்கார்ந்து, வெற்றிலையைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள். இத்தனை நாள் பழகின அமைதியில் அவள் குரல் அவ்வளவு சிறுத்துப்போயிருந்தது.

"கேக்கலீங்கத்தை. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்றாள் இளவரசி.

சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தெய்வானைக்கும் வந்தது. இரண்டு பேரும் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று. உள்ளேயிருந்து சம்பந்தியம்மாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"உன்னைய வேலை வாங்கறதுக்குக் கூப்பிட்டதில்லை கண்ணு. நீ என்னுங்கத்தைன்னு சொல்லோணும். அது காதுல விழுந்தாத்தான் எனக்கு மூச்சு வரும்" என்றாள் தெய்வானை. "நான் ஒருக்காக் கேக்காம விட்டுட்டேன்."

பிறகு அந்த மத்தியானத்தைச் சொன்னாள். கடிகாரத்தைச் சொன்னாள், அரைமணியைச் சொன்னாள், தூளியைச் சொன்னாள். நிறைமாசக்காரியிடம் இதைச் சொல்லலாமா என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் முருகனைக் கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தாள். சொல்லாவிட்டால் தன் குரல் அந்தப் பெண்ணுக்குக் கடைசி வரைக்கும் களவுக்காரியைக் கூப்பிடுகிற குரலாகவே இருந்துவிடும் என்று தோன்றியதால் சொன்னாள். இளவரசியின் கை வெற்றிலையில் அப்படியே நின்றது.

"அந்தப் பாப்பா பேரு என்னங்கத்தை?"

அதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. "வள்ளிநாயகி" என்றாள். "என் மாமியா சண்டைக்கு வந்தாங்க. தெய்வானை பெத்த புள்ளைக்கு வள்ளின்னா வெப்பாங்க, சக்களத்தி பேரு உனக்கு எதுக்குன்னு. நாந்தான் ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கட்டுமேன்னேன்."

இளவரசி வருகிறேனென்றும் சொல்லவில்லை, மாட்டேனென்றும் சொல்லவில்லை. புறப்படும்போது சம்பந்தியம்மாள் ஒரு கவுளி வெற்றிலையைக் கையில் கொடுத்து, பார்க்கலாமுங்க என்றாள்.

பஸ்ஸை விட்டு இறங்கித் தெருமுனைக்கு வந்தபோதே தெய்வானைக்குத் தெரிந்துவிட்டது. சத்தம் திரும்பி வந்திருந்தது. நூற்றுப் பதினாறு தறியும், எங்கேயும் போகாதது மாதிரி, சடக் சடக்கென்று இடித்துக்கொண்டிருந்தன. மத்தியானம் மூன்று மணிக்கு வந்ததாம். கல்லூரிப் பிள்ளைகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். குழந்தைகள் எல்லாம் ஒன்றாகத் தூங்கிவிட்டன. அவள் வெற்றிலையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு தெருவிலேயே நின்றாள். அந்தப் பெண்ணிடம் தான் மெல்லப் பேசினதெல்லாம் சத்தமில்லாத தெருவிலிருந்து போய்ப் பேசினது. இனி இந்த இடிக்குள் அவள் எப்படி வருவாள்? சிங்காரவேல், இதை இப்போது இளவரசியிடம் சொல்ல வேண்டாம், வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றான். தெய்வானை அவன் பக்கத்தில் போய், காதோடு வாயை வைத்து, இன்றைக்கே சொல்லிவிடு, மறைத்துக் கூட்டிவர வேண்டாம் என்றாள். சொன்னான். போனில் அந்தப் பக்கத்திலிருந்து சரி என்று ஒரு சொல்தான் வந்தது.

கார்த்திகையில் பையன் பிறந்தான். தெய்வானை போய்ப் பார்த்து, சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் தொட்டுச் சேனை வைத்துவிட்டு வந்தாள். எப்போது அழைக்க வரட்டும் என்று கேட்கவில்லை. கேட்கக் கூடாதென்று இல்லை, கேட்டால் தன் குரல் பழையபடி ஆகிவிடுமோ என்று பயமாக இருந்தது. மார்கழி முழுக்க வாசலில் கோலம் போடும்போது தெருமுனையைப் பார்த்தாள். தையும் போயிற்று. மாசி இரண்டாம் வாரம், ஒரு புதன்கிழமை காலையில், இளவரசி குழந்தையைத் துணியில் பொதிந்துகொண்டு, யாரும் அழைக்கப் போகாமலே, தன் அம்மாவோடு வந்து இறங்கினாள். எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன. அவள் அத்தையின் பக்கத்தில் வந்து நின்று, பையனை மடியில் வைத்தாள்.

அதற்குப் பிறகு தெய்வானை யாரையும் தூரத்திலிருந்து கூப்பிடுவதில்லை. ஒன்று சொல்ல வேண்டுமென்றால் எழுந்துபோய், தோளைத் தொட்டு, பக்கத்தில் நின்று சொன்னாள். ஒரு நாளைக்கு நூறு தரம் எழுந்திருக்க முடியாதென்பதால், எதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்துபோயிற்று. பையனை உள்ளறையில் தூளியில் போட்டபோது, நாலு இழையைச் சேர்த்து முறுக்கி, ஒரு முனையைத் தூளித்துணியில் முடிந்து, மறுமுனையை நிலைப்படி தாண்டிக் கொண்டுவந்து தன் இடதுகால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டாள். குழந்தை புரண்டால் விரலில் தெரியும். காலை உதைத்து அழுதால் நூல் சுண்டும். காது வேண்டியதில்லை, கடிகாரமும் வேண்டியதில்லை. பாலாமணி வந்து பார்த்துவிட்டுப் போய், தன் பேத்திக்கும் கட்டினாள். பங்குனிக்குள் அந்தத் தெருவில் தார் சுற்றுகிற பெண்களின் காலில் எல்லாம் நூல் இருந்தது.

பங்குனியில் ஒரு மத்தியானம். இளவரசி பட்டறைப் படியில், தெய்வானையின் கண்ணுக்கு நேராக உட்கார்ந்து பையனை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்போது தெய்வானையின் கால்விரலில் நூல் இழுத்தது. உள்ளறைக்கு ஜன்னல் கிடையாது, காற்று வர வழியில்லை. முதலில் ஒரு தரம் மெல்ல, அப்புறம் இரண்டு தரம், தூக்கத்தில் சிணுங்குகிற குழந்தை காலை அசைக்கிற மாதிரி இழுத்தது. தெய்வானை, இளவரசியின் மடியிலிருக்கிற பேரனைப் பார்த்தாள். மெஷினை நிறுத்தினாள். எழுந்து உள்ளே போனாள்.

வெறுந்தொட்டிலை ஆட்டக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாதா? ஆட்டினாள். ஒரு கையால் துணியைப் பிடித்துக்கொண்டு, அவசரப்படாமல், சோறு வேகிற நேரம் வரைக்கும் ஆட்டினாள். நூல் தளர்ந்து தரையில் படிந்ததும், துணியை ஒருமுறை தடவிவிட்டு வந்து பலகையில் உட்கார்ந்தாள்.

தறிகள் இடித்துக்கொண்டிருந்தன. இளவரசி அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையனின் தலையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, குரலெடுக்காமல், வாயை மட்டும் அசைத்துக் கேட்டாள்.

"வள்ளி தூங்கிட்டாளா?"

தெய்வானை தலையசைத்தாள். பிறகு பாதியில் நின்றிருந்த தாரை எடுத்து, நூல் முனையைத் தேடிப் பிடித்தாள்.